பாட்டன் எழுதிய ஓலை

எங்கள் ஊருக்குப் பேர் வந்ததே ஓர் ஆவண வழக்கால்தான். திருநாவலூரில் பிறந்த நம்பி ஆரூரர் புத்தூரில் மணக்கோலத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு கிழவர் வருகிறார். நீ எனக்கு அடிமை, உன் பாட்டன் எழுதிக் கொடுத்த ஓலை என்னிடம் இருக்கிறது என்கிறார். மாப்பிள்ளை துரத்திப்போய் ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழிந்தது படி ஓலைதான் என்று சொல்லி, எங்கள் திருவெண்ணெய்நல்லூர் அவையில் மூல ஓலையை எடுத்து நீட்டுகிறார். அவையோர் அதையும் அப்படியே நம்பிவிடவில்லை. பாட்டன் கையெழுத்துள்ள வேறோர் ஓலையைக் காப்பிலிருந்து வரவழைத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்கிறார்கள். அடிமையானவர் சுந்தரர், வழக்காடிய கிழவர் சிவபெருமான் என்பது பெரியபுராணம் படித்தவர்களுக்குத் தெரியும்.

ஐந்தாம் வகுப்பில் தமிழையா இந்தக் கதையைச் சொன்னபோது நான் எழுந்து, "ஓலையைக் கிழிச்சது தப்புதானே ஐயா?" என்று கேட்டேன். "தப்புதான். ஆனா படியைத்தானேடா கிழிச்சாரு?" என்றார். அந்தப் பதில் எனக்குப் பிழைப்பாகிவிட்டது. சென்னையில் ஓர் அச்சகத்தில் முப்பத்தொரு வருடம் மெய்ப்புத் திருத்தினேன். தமிழும் அரபியும் கலந்து வரும் புத்தகங்களுக்கு ஆள் கிடைக்காது என்பதால் அவை எல்லாம் என் மேசைக்கு வரும். படியையும் மூலத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் வேலை. ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பிய பிறகும் அதையே செய்கிறேன், கூலி இல்லாமல்.

வீட்டில் இரண்டு அலமாரி. ஒன்று அத்தா வைத்துவிட்டுப் போனது. உளுந்தூர்ப்பேட்டைப் பக்கத்து ராவுத்தர்கள் ஹனஃபி மத்ஹபு, அதாவது ஹனஃபி சட்ட மரபு. ஆகவே அதில் இருப்பவை ஹனஃபி கிதாபுகள். இன்னொன்று உம்மாவின் அண்ணன், பரங்கிப்பேட்டை மாமா கொடுத்தது. கடற்கரை மரைக்காயர்கள் ஷாஃபி. அந்த அலமாரியும் ஷாஃபி. சிறுவயதில் எனக்கு இந்த வித்தியாசம் தெரிந்தது அஸர் என்னும் பிற்பகல் தொழுகையில்தான். ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்கு நீண்டதும் மாமா ஊரில் பாங்கு சொல்லிவிடுவார்கள். எங்கள் பள்ளியில் நிழல் இரண்டு மடங்காகும் வரை காத்திருப்பார்கள். பரங்கிப்பேட்டைக்குப் போனால் விளையாட்டு சீக்கிரம் கலைந்துவிடும் என்பதுதான் அன்று எனக்குப் புரிந்த சட்டம்.

கிதாப் ஓதாதவர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. சட்ட நூல் மூன்று அடுக்காக வளரும். முதலில் மத்னு, அதாவது மூலம். மனப்பாடம் செய்வதற்காகச் சூத்திரம் போல இறுக்கி எழுதியது. அதற்கு ஷரஹு, உரை. உரைக்கு ஹாஷியா, ஓரக் குறிப்பு. நன்னூலுக்கு விருத்தியும் காண்டிகையும் வந்தது போலத்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் உரையாசிரியர்கள் சூத்திரத்தை மேலே போட்டு உரையைக் கீழே எழுதுவார்கள். அரபு உரைகளில் பல அப்படி இல்லை. மூலத்தின் சொற்களுக்கு நடுவே உரையின் சொற்களை இழைத்து, இரண்டும் ஒரே வாக்கியமாக ஓடும்படி நெய்துவிடுவார்கள். கையெழுத்துப் படிகளில் மூலத்துக்குச் சிவப்பு மை, உரைக்குக் கறுப்பு மை. அல்லது மூலச் சொற்களின் தலைக்கு மேல் ஒரு கோடு. அச்சு வந்ததும் சிவப்பு மை போயிற்று. இரண்டு பிறை அடைப்புகள் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தன.

அந்த அடைப்பில்தான் சட்டமே இருக்கிறது. எளிமைக்காக நானே ஒரு வாக்கியம் கட்டிக் காட்டுகிறேன்: "(பயணி) பாவமான காரியத்துக்குப் போகாதவராக இருந்தால் (தொழுகையைச் சுருக்கலாம்)." அடைப்புக்குள் இருப்பது மூலம், வெளியே இருப்பது உரைகாரர் சேர்த்த நிபந்தனை. இப்போது முதல் அடைப்பை நிபந்தனைக்குப் பின்னால் தள்ளி மூடுங்கள். சொல் ஒன்றும் மாறவில்லை. ஆனால் உரைகாரரின் நிபந்தனை மூல ஆசிரியரின் வாய்க்குப் போய்விட்டது. ஷாஃபிகள் இந்த நிபந்தனையைக் கொள்கிறவர்கள், ஹனஃபிகள் கொள்வதில்லை. எது யார் சொன்னது என்பது வெறும் அச்சுக்கோப்பவர் பிரச்சினை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். என்னிடம் உள்ள ஒரு மறு அச்சில் இப்படி இடம் மாறிய அடைப்புகளுக்குப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். அதே நூலில் ஓரிடத்தில் "லா" என்ற சொல்லே விழுந்துவிட்டது. "லா யஜூஸு" என்றால் கூடாது. "யஜூஸு" என்றால் கூடும். இரண்டு எழுத்து போனதில் ஹராம் ஹலாலாகிவிட்டது. பதிப்பகத்தின் பெயர் வேண்டாம்; மெய்ப்புத் திருத்துகிறவன் இன்னொரு மெய்ப்புக்காரனைக் காட்டிக் கொடுக்கக் கூடாது.

மாமாவின் அலமாரியில் முதல் இடம் ஃபத்ஹுல் முஈனுக்கு. எழுதியவர் பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம். போர்ச்சுகீசியரை எதிர்த்து துஹ்ஃபதுல் முஜாஹிதீன் எழுதியவரும் அவரே. மஃபர் என்று அரபிகள் அழைத்த நம் சோழமண்டலக் கரையிலிருந்து கொச்சிக்குப் போய்ப் பொன்னானியில் நிலைத்த குடும்பம் அவர்களுடையது என்பது மரபு. மாமா அதனால் மக்தூமை, "நம்ம கரைக்காரர்" என்றே சொல்வார். மக்தூம் முதலில் குர்ரத்துல் ஐன் என்று சிறிய மூலம் எழுதினார். பிறகு அதற்குத் தாமே உரையும் எழுதி, ஹிஜ்ரி 982, அதாவது 1575-இல் முடித்தார். அந்த உரைதான் ஃபத்ஹுல் முஈன். அதில் "எங்கள் ஷைகு" என்று வரும் இடமெல்லாம் மக்காவின் இப்னு ஹஜர் ஹைத்தமியைக் குறிக்கும். மலபார்க் கரையில் எழுதிய நூல் மக்காவுக்கே பாடமாகப் போயிற்று. முந்நூறு வருடம் கழித்து, ஹரம் பள்ளியில் அதை ஓதிக்கொடுத்த ஸையித் பக்ரி ஷத்தா தம் பாடக் குறிப்புகளைத் தொகுத்து, இஆனதுத் தாலிபீன் என்று நான்கு பாகங்களில் ஹாஷியா ஆக்கினார். ஜாவாவிலிருந்து மக்காவுக்கு வந்து தங்கிய நவவி பன்தானி, குர்ரத்துல் ஐனுக்கு வேறோர் உரை எழுதினார். பொன்னானி, மக்கா, ஜாவா மூன்றையும் கட்டிய கயிறு இந்தச் சிறிய நூல்.

மாமாவின் இஆனத் எகிப்தில் அச்சானது. பக்கத்தின் நடுவில் சதுரமாக ஹாஷியா. அதைச் சுற்றிய ஓரத்தில், கோட்டுக்கு வெளியே, ஃபத்ஹுல் முஈன். எனக்கு முதலில் இது தலைகீழாகப் பட்டது. பாட்டன் திண்ணையில், பேரன் நடுவீட்டில்! மாமா சிரித்தார். "திண்ணையில இருக்கிறவருக்குத்தான் தெருவுல போறவங்க எல்லாம் சலாம் சொல்வாங்க" என்றார். ஓரத்தில் ஃபத்ஹுல் முஈனை ஓதி, சந்தேகம் வரும் இடத்தில் உள்ளே போவதுதான் முறை. இப்போது வரும் கணினி அச்சுகளில் மூலம் மேலே, ஹாஷியா கீழே, நடுவில் கோடு. படிக்கச் சுகம், மறுப்பதற்கில்லை. திரூரங்காடி அச்சில் ஃபத்ஹுல் முஈனை ஓதிய மலையாள மாணவனுக்கு இந்த இரண்டு வழியும் வேண்டாம். அவன் தன் உஸ்தாதின் சொற்களை வரிகளுக்கு இடையே தானே எழுதிக்கொள்வான்.

அத்தாவின் அலமாரி வேறு உலகம். அங்கே பெரும்பாலும் கல்லச்சு. கெய்ரோவுக்கு பூலாக் அச்சகம் எப்படியோ, வட இந்தியாவுக்கு லக்னோ அப்படி. முஹம்மது அலி பாஷா 1820-இல் தொடங்கிய பூலாக், ஈய எழுத்தில் அச்சடித்தது. லக்னோவில் 1858-இல் முன்ஷி நவல்கிஷோர் தொடங்கிய அச்சகம் கல்லை நம்பியது. அவர் இந்து. குர்ஆனையும் ஹனஃபி சட்ட நூல்களையும் அவர் அச்சகம் குவியல் குவியலாகப் போட்டது. அத்தா அதைச் சொல்லும்போதெல்லாம், "கிதாபு யாருகிட்ட இருந்து வந்துச்சுன்னு பார்க்காதே, சரியா இருக்கான்னு பாரு" என்பார்.

கல்லச்சில் எழுத்துக் கோப்பு கிடையாது. காத்திப் என்கிற எழுத்தர் பிசுக்கு மையால் தாளில் எழுதுவார். அது கல்லுக்கு மாற்றப்படும். கல்லை நனைத்தால் எழுத்தில் தண்ணீர் ஒட்டாது, மற்ற இடத்தில் மை ஒட்டாது. ஆகவே கல்லச்சுப் பக்கம் என்பது அச்சு உடையில் வந்த கைப்பிரதி. ஈய எழுத்தால் முடியாததெல்லாம் அதில் முடியும். வரிகளுக்கு இடையே பொடி எழுத்தில் பொருள். ஓரத்தில் சாய்வாக ஏறும் குறிப்பு, மூலையில் திரும்பி, தலைகீழாக இறங்கும். அத்தா புத்தகத்தைச் சட்டியைச் சுற்றுவது போலச் சுற்றிச் சுற்றிப் படிப்பார். ஒவ்வொரு பக்கத்தின் அடி மூலையிலும் அடுத்த பக்கத்தின் முதல் சொல் தனியாக நிற்கும். தைப்பவர் தாளை மாற்றிவிடாமல் இருக்க அது காவல். கல்லைத் துடைத்துவிட்டால் அடுத்த பதிப்புக்கு மீண்டும் ஒருவர் முழுக்க எழுதியாக வேண்டும். பழைய பிழை போகலாம், புதிய பிழை வரலாம். இன்றைய ஒளிப்பட மறு அச்சில் அந்தப் பயம் இல்லை. பழைய பிழை பழையபடியே சாகாவரம் பெற்றிருக்கும்.

பூலாக்காரர்கள் வேறொரு சாமர்த்தியம் செய்தார்கள். ஔரங்கசீப் காலத்தில் உலமாக்களைக் கூட்டித் தொகுத்தது ஃபதாவா ஆலம்கீரி. அரபிகளுக்கு அது ஃபதாவா ஹிந்திய்யா, இந்தியத் தீர்ப்புகள். கல்கத்தாவில் அச்சேறிய அந்த நூலை பூலாக் ஹிஜ்ரி 1310-இல் ஆறு பாகமாகப் போட்டது. ஓரத்தில் சும்மா வெள்ளை விடுவானேன் என்று, முதல் மூன்று பாகத்தின் ஓரத்தில் ஃபதாவா காழிகான், பின் மூன்றின் ஓரத்தில் ஃபதாவா பஸ்ஸாஸிய்யா. ஒரு விலையில் மூன்று நூல். இதன் விளைவு இன்றும் தொடர்கிறது. உலமாக்கள் ஆதாரம் காட்டும்போது, "காழிகான், ஹிந்திய்யா ஓரத்தில், இன்ன பாகம், இன்ன பக்கம்" என்று எழுதுவார்கள். காழிகானுக்கு முகவரியே வேறொருவர் வீட்டு ஓரம்தான். ஓரத்தை வெட்டித் தனிப் புத்தகமாக்கும் புதுப் பதிப்பை வாங்கியவன், பழைய ஃபத்வாவைக் கையில் வைத்துக்கொண்டு வீடு தெரியாமல் அலைய வேண்டியதுதான்.

ஆங்கிலேயர் கால நீதிமன்றங்கள் எந்தப் படியை வைத்துக்கொண்டன என்று பார்த்தால் சுந்தரர் வழக்கு எவ்வளவோ மேல் என்று தோன்றும். மர்கினானி 12-ஆம் நூற்றாண்டில் அரபியில் எழுதிய ஹனஃபி நூலான ஹிதாயாவை வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் மௌலவிகளைக் கொண்டு பாரசீகமாக்கினார்கள். அதிலிருந்து சார்லஸ் ஹாமில்டன் ஆங்கிலமாக்கி, 1791-இல் நான்கு பாகங்களில் வெளியிட்டார். அரபு ஹிதாயா தூய்மையிலும் தொழுகையிலும் தொடங்கும். ஆங்கில ஹிதாயா ஸகாத்தில் தொடங்கும். நீதிபதிக்குத் தொழுகை எதற்கு! ஷாஃபிகளின் கதையும் இதேதான். நவவி இமாமின் (மேலே சொன்ன பன்தானி வேறு) மின்ஹாஜை டச்சுக்காரர் வான் டென் பெர்க், பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு 1882 முதல் 1884 வரை பத்தாவியாவில் பதிப்பித்தார். அந்தப் பிரெஞ்சைப் பார்த்து ஹோவர்ட் என்பவர் 1914-இல் ஆங்கிலமாக்கினார். படியின் படி.

மின்ஹாஜின் நுட்பம் தெரிந்தால் இதன் கனம் புரியும். ஷாஃபி இமாமே இரண்டு கருத்துச் சொல்லி, இரண்டும் வலுவாக இருந்தால், நவவி தாம் ஏற்பதை "அழ்ஹர்" என்பார். எதிர்க்கருத்து வலுவற்றதாக இருந்தால் "மஷ்ஹூர்" என்பார். கருத்து வேறுபாடு இமாமுடையது அல்ல, சீடர்களுடையது என்றால், "அஸஹ்ஹு", "ஸஹீஹ்". தாம் சுருக்கும் நூலோடு தமக்கு உடன்பாடில்லை என்றால் "குல்து", நான் சொல்கிறேன் என்று தொடங்கி, "வல்லாஹு அஃலம்", அல்லாஹ்வே அறிந்தவன் என்று முடிப்பார். அந்த இரண்டு சொல்லும் அடைப்புக்குறி மாதிரி. நாலு சொல்லில் யார் யாரோடு, எவ்வளவு பலத்தோடு வாதிட்டார்கள் என்ற முழு அவையும் இருக்கிறது. இதையெல்லாம் "சரியானது" என்ற ஒற்றைச் சொல்லால் நிரப்பிவிட்டால் தீர்ப்பு மிஞ்சும், அவை கலைந்துவிடும்.

நீதிமன்றம் கைவிட்டதையும் கிதாப் கைவிடுவதில்லை. எங்கள் பக்கத்துக்குப் பழக்கமான ஓர் உதாரணம்: பக்கத்து நிலம் விலைக்கு வந்தால் முதலில் வாங்கும் உரிமை, ஷுஃப்ஆ. ஹனஃபி சட்டத்தில் பக்கத்து நிலக்காரருக்கும் அது உண்டு. ஷாஃபியில் கூட்டுப் பங்காளிக்கு மட்டும். 1870-இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த உரிமை இங்கே சட்டம் அல்ல என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் ஷுஃப்ஆ அதிகாரம் ஒவ்வொரு பதிப்பிலும் அச்சாகிக்கொண்டுதான் இருக்கிறது, மாணவர்கள் ஓதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அத்தா வரப்புத் தகராறில் நடுவராக உட்கார்ந்தால், "கோர்ட்டுல செல்லாது, மனசுல செல்லும்" என்று சொல்லி, பக்கத்து நிலக்காரரைத்தான் முதலில் கேட்கச் சொல்வார்.

அரபி மொழி தெரியாத பெண்களும் வியாபாரிகளும் எந்தப் படியைப் பார்த்தார்கள்? அதற்கு அரபுத்தமிழ் இருந்தது. அரபி எழுத்தில் தமிழ். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அதில் ஃபத்ஹுத் தய்யான் என்ற சட்ட நூல் எழுதினார். உம்மா அடுப்படியில் உட்கார்ந்து சந்தேகம் தீர்த்துக்கொண்டது அதில்தான். அவர் கையில் ஈரம் இருந்தால் நான் பக்கத்தைத் திருப்புவேன். ஓரத்தில் வாதம் கிடையாது. கேள்விக்குப் பதில், அவ்வளவே. அதுவும் ஒரு பதிப்பு முறைதான் என்று இப்போது தோன்றுகிறது. எல்லாருக்கும் அவை வேண்டியதில்லை, சிலருக்குத் தீர்ப்புப் போதும்.

இத்தனை படிகளைப் பார்த்த பிறகு, மூல ஓலை எங்கே என்று கேட்கத் தோன்றுமா இல்லையா? நானும் தேடினேன். அத்தாவின் அலமாரியிலேயே பதில் இருந்தது. ஷரஹுல் விகாயா, லக்னோ கல்லச்சு, அப்துல் ஹை லக்னவியின் ஹாஷியாவோடு. நாற்பது வயதை எட்டாமலே இறந்துபோன அந்த மனிதர் எழுதியவற்றைப் படித்து முடிக்க நமக்கு நாற்பது வருடம் போதாது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது ஹாஷியா அல்ல, முன்னுரை.

விகாயா என்னும் மூலத்தை ஒரு பாட்டன் தன் பேரன் மனப்பாடம் செய்வதற்காக எழுதினார். ஒரு பாடம் எழுதுவார், பேரன் அதை மனனம் செய்வான். மறுபடி ஒரு பாடம். நூல் முடிந்த அன்றே பேரனின் மனப்பாடமும் முடிந்தது. அதற்குள் சில படிகள் வெளியூர்களுக்குப் பரவிவிட்டன. பாட்டன் பிறகு சில இடங்களை அடித்தார், சிலவற்றைச் சேர்த்தார். வெளியே போன படிகளுக்கு அது தெரியாது. அந்தப் பேரன்தான் பிற்காலத்தில் ஸத்ருஷ் ஷரீஆ என்று பேர்பெற்று, 1346-இல் இறந்த சட்ட அறிஞர். மூலம் கடைசியில் எந்த வாசகத்தில் நிலைத்ததோ அதையே என் உரையில் எழுதியிருக்கிறேன், பழைய படிகளை இதைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள் என்று முன்னுரையில் சொல்கிறார். அச்சு வருவதற்கு முன்பே பதிப்புப் பிரச்சினை!

எங்கள் ஊர்க் கதையில் பாட்டன் ஓலை பேரனைக் கட்டியது. இங்கே பேரன் பாட்டன் ஓலையைத் திருத்திக் கட்டுகிறான். பாட்டன் தம் கையால் எழுதிய பழைய படி ஒன்று நாளைக்கே கிடைத்தாலும் அது மூலம் ஆகாது. அவரே கைவிட்ட வாசகமாக இருக்கலாம். ரத்துல் முஹ்தாரிலும் இதே நிலைமை. அதை எழுதிய டமாஸ்கஸ் இப்னு ஆபிதீன் 1836-இல் இறந்தபோது செம்பிரதி முழுதாக முடியவில்லை. விட்டுப்போன பகுதியை மகன் நிரப்பினார். ஹனஃபி உலகம் மேற்கோள் காட்டும் பெரும் நூலிலேயே தகப்பன் கை எங்கே நிற்கிறது, மகன் கை எங்கே தொடங்குகிறது என்று பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

அதனால்தான் பழைய ஆலிம்கள் மூலத்தைத் தேடி அலையாமல் முகாபலா செய்தார்கள். ஒருவர் ஒரு படியை உரக்க வாசிப்பார், இன்னொருவர் வேறொரு படியைக் கையில் வைத்துக் கேட்பார். மாறுபட்டால் நிறுத்துவார்கள். அச்சகத்தில் நான் முப்பத்தொரு வருடம் செய்ததும் அதுதான். வாசிக்கும் பையனுக்குக் 'காப்பி ஹோல்டர்' என்று பேர்.

லால்பேட்டை மதரஸாவில் ஓதும் பையன் ஒருவன் வியாழக்கிழமை மாலையில் என்னைப் பார்க்க வருவான். அவனுடைய அலமாரி கைப்பேசிக்குள் இருக்கிறது. என்னிடம் இருப்பதைப் போல ஐம்பது மடங்கு நூல். போன மாதம் ஷரஹுல் விகாயாவின் அதே கல்லச்சைத் திரையில் காட்டினான். நான் என் புத்தகத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். எழுத்து ஒன்றுதான், ஆனால் படமெடுத்தவர் பக்கத்தை இறுக்கி வெட்டியிருந்தார். சாய்ந்து ஏறும் ஓரக் குறிப்புகளுக்குத் தலையில்லை.

"இந்த ஓரம் எங்கே தம்பி?"

"அது முக்கியமில்லைன்னு விட்டிருப்பாங்க ஹஜ்ரத்."

நான் ஹஜ்ரத் இல்லை, மெய்ப்புக்காரன் என்று பலமுறை சொல்லியும் அவன் கேட்பதில்லை. "சரி, நீ திரையை வாசி, நான் கேட்கிறேன்" என்றேன். அவன் வாசித்தான். ஓரம் வெட்டுப்பட்ட இடம் வந்ததும் நான் என் தாளிலிருந்து குறிப்பை முழுதாக வாசித்தேன், அவன் நோட்டில் எழுதிக்கொண்டான். மூன்றாவது பக்கத்தில் என் தாளில் பூச்சி அரித்த ஓட்டை. அவன் திரையில் அந்தச் சொல் முழுதாக இருந்தது. இந்தமுறை நான் எழுதிக்கொண்டேன். மக்ரிப் பாங்கு வரை ஏழு பக்கம் போனது.

கைப்பிரதிகளில் முகாபலா எந்த வரியோடு நின்றதோ அங்கே ஓரத்தில் "பலக" என்று எழுதுவது வழக்கம். எட்டியது, இதுவரை வந்தது என்று பொருள். அடுத்த நாள் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதற்கு அடையாளம். பையனிடம் பென்சிலைக் கொடுத்து, என் புத்தகத்தின் ஓரத்தில் எழுதச் சொன்னேன். தயங்கினான், பழைய கிதாபில் கிறுக்கலாமா என்று. அதே பக்கத்தில் கொஞ்சம் மேலே அத்தாவின் கையெழுத்தில் இருந்த "பலக"வைக் காட்டினேன். அதற்குக் கீழே எழுதினான்.